நம்மாளுங்களுக்கு வயசான ஞாயிற்றுக்கிழமை

பதினொரு வருடம் கழித்து நம்மாளுங்களின் புதிய ரெக்கார்டு வெள்ளிக்கிழமை மதியம் தபாலில் வந்து சேர்ந்தது. செயலாளர் அட்டைப்பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தாளை மட்டும் படித்துவிட்டு, பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியின் மேல்தட்டில் வைத்துப் பூட்டினார். ஞாயிறு காலை பத்து மணிக்கு முன்னால் அதை யாரும் தொடக்கூடாது என்பது விதி. விதியை எழுதியவர் அவர்தான். ஆகவே அந்த இரண்டு இரவும் அதிகம் தவித்தவரும் அவர்தான்.

நம்மாளுங்க என்பது ஐந்து பேர் கொண்ட இசைக்குழு. செயலாளர் கல்லூரியில் படித்த காலத்தில் ரேடியோக்காரர்கள் ‘நியூ வேவ்’ என்று சொன்ன வகை. கிடாரைவிடக் கீபோர்டு தூக்கலாக இருக்கும். டிரம்ஸை ஆளுக்குப் பதில் மிஷின் அடிக்கும். நெட்டையான ஒரு பாடகர், ஒல்லியான டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சாவுச் செய்தியைச் சந்தோஷமாகச் சொல்வதுபோலப் பாடுவார். அந்தக் குழுவுக்கு முறையான பெயர் உண்டு. ஆனால் முப்பத்தொரு வருடமாக ரசிகர் வட்டத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. சொந்தக்காரர்களை யார் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்?

வட்டம் என்பது நான்கு பேர். செயலாளர், கட்டடங்களில் லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் தருகிற பரிசோதகர்; வட்டத்துக்குச் செயலாளராக இருந்து இருந்து, கட்டிய மனைவியே அப்படித்தான் கூப்பிடுகிறார். இரண்டாவது ஆள் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி, பல்செட் செய்கிறவர். மூன்றாவது, நெஞ்சுநோய் வார்டின் தலைமை நர்ஸ், எல்லோருக்கும் சிஸ்டர். நான்காவது ஆள் கத்தரி. தையற்கடைக்காரர், செயலாளரோடு ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். எந்தப் பேச்சையும் பாதியில் வெட்டிவிடுவதால் பள்ளியிலேயே வந்த பெயர் அது. தொழில் பிறகுதான் பெயருக்குப் பொருத்தமாக அமைந்தது.

வட்டத்துக்கு ஐந்து விதிகள். முதலாவது, யாரும் முன்கூட்டியே கேட்கக்கூடாது. இரண்டாவது, ரெக்கார்டை முழுதாக ஒரே ஒருமுறை கேட்கவேண்டும். நடுவில் பேச்சு கூடாது. மூன்றாவது, ஒவ்வொருவரும் துண்டுச்சீட்டில் நூற்றுக்கு மதிப்பெண்ணும் ஒருவரிக் காரணமும் எழுதித் தரவேண்டும். நான்காவது, போட்ட மதிப்பெண்ணை மாற்றக்கூடாது. ஐந்தாவது, மறுநாள் காலை எட்டு மணிக்குள் செயலாளர் தீர்ப்பைக் கடிதமாக எழுதி நம்மாளுங்களின் அலுவலகத்துக்குத் தபாலில் சேர்க்கவேண்டும். இதுவரை ஆறு கடிதங்கள் போயிருந்தன. ஒரே ஒருமுறை பதில் வந்தது: நன்றி என்று அச்சடித்த அட்டை. ஐந்து கையெழுத்தும் அச்சடித்தவை.

மதிப்பெண் கதை வேறு. முதல் ரெக்கார்டின் சராசரி தொண்ணூற்றுநான்கு. அடுத்தது தொண்ணூற்றொன்று. அதற்குப் பிறகு கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக எழுபத்தெட்டு, அறுபத்திரண்டு, ஐம்பத்தைந்து என்று இறங்கி, கடைசியாக வந்தது நாற்பத்தெட்டில் நின்றது. பிள்ளையின் முன்னேற்ற அறிக்கையைப் பார்க்கிற தகப்பன்போல, செயலாளர் அந்தப் பக்கத்தை அடிக்கடி திறந்து பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

ஞாயிறு பத்து மணிக்குச் செயலாளர் வீட்டு முன்னறையில் நான்கு நாற்காலிகள் போட்டாயிற்று. மனைவி கணக்கு டீச்சர். உள்ளே சாப்பாட்டு மேசையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். செயலாளர் பெட்டியைப் பிரித்தார். ஒரு தட்டுக்குப் பதில் இரண்டு இருந்தன.

“ரெண்டு தட்டா! சரக்கு நிறைய வச்சிருக்காங்கபோல” என்றார் மச்சினன்.

“சரக்கு இல்லாதவங்கதான் பெரிய பையா எடுத்துட்டு வருவாங்க” என்றார் சிஸ்டர்.

“பேச்சு போதும். போடு” என்று வெட்டினார் கத்தரி. ஆறு மாதத்துக்கு முன்னால் அவருக்கு இதயத்தில் ஆபரேஷன் நடந்திருந்தது. அதற்குப் பிறகு வட்டம் கூடுவது இதுதான் முதல்முறை. ஆள் கொஞ்சம் இளைத்திருந்தார். தன் சட்டைகளைத் தானே பிடித்துத் தைத்துக்கொண்டதால் இளைத்தது அவ்வளவாகத் தெரியவில்லை.

ரெக்கார்டு பிளேயரைச் செயலாளரைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. அது எழுதாத விதி. அவர் தட்டைத் துணியால் துடைத்து, மேலே வைத்து, முள்ளை இறக்கினார். ஒவ்வொரு பக்கமும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம் இரண்டையும் நோட்டில் குறித்துக்கொண்டார். லிஃப்டு எந்த மாடியில் எத்தனை மணிக்கு நின்றது என்று குறித்துக் குறித்துப் படிந்த பழக்கம்.

முதல் பாட்டு தொடங்கியதும் மச்சினனின் புருவம் ஏறியது. இரண்டாவது பாட்டில் சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். டிரம் மிஷின் ஒவ்வொரு அடிக்கும் யோசித்து அடித்தது. கீபோர்டு கனத்து, கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல இருந்தது. நெட்டையனின் குரல் அடியில் போய், ஒவ்வொரு சொல்லையும் தரையில் வைத்துப் பார்த்துவிட்டு அடுத்ததை எடுத்தது. நான்கு பக்கமும் ஓடி முடிகிறவரை ஒருவரும் பேசவில்லை. கத்தரி மட்டும் மூன்றாம் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அழுக்காக இல்லை.

செயலாளர் சீட்டுகளை வாங்கி வாசித்தார்.

“சிஸ்டர், முப்பத்தஞ்சு. காரணம்: மூச்சு போதவில்லை.”

“பின்னே? ஒவ்வொரு வரிக்கு முன்னாடியும் எவ்வளவு நீளமா ஒரு இழுப்பு இழுக்கிறார் பாருங்க. எங்க வார்டுல ஏழாம் நம்பர் கட்டில்ல இதே இழுப்புதான். பாவம் மனுஷன், அட்டைப்படத்துக்குப் பதிலா எக்ஸ்ரே எடுக்கணும்.”

“மாப்ளே, முப்பத்தெட்டு. காரணம்: மேல்தாடை முழு செட்.”

“சந்தேகமே வேண்டாம் அத்தான்” என்றார் மச்சினன். “‘ஸ’ வர்ற இடத்துல எல்லாம் ‘ஷ’ன்னு வழுக்குது. அளவு சரியில்லாத செட்டு. எங்கிட்ட வந்திருந்தா ஒரு மணி நேரத்துல ராவிக் குடுத்திருப்பேன்.”

“செயலாளர், நாப்பத்தொண்ணு. காரணம்: வேகம் போதாது.” தன் சீட்டையும் தானே வாசிப்பது அவர் வழக்கம். “டிரம் அடிக்கிறது மிஷின். அதுக்குமா வயசாகும்? இவங்க கூட இருந்து இருந்து அதுக்கும் வந்துடுச்சுபோல.”

எல்லோரும் சிரித்தார்கள். கடைசிச் சீட்டைப் பிரித்த செயலாளர், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இன்னொருமுறை பார்த்தார். “கத்தரி. தொண்ணூத்தாறு. காரணம்: இப்போதுதான் நிஜம் பேசுகிறார்கள்.”

“அண்ணே, இலக்கம் இடம் மாறிடுச்சா? அறுபத்தொன்பதுன்னாலும் அதிகம்தான்” என்றார் மச்சினன்.

“மாறலை. தொண்ணூத்தாறுதான்.” கத்தரி வழக்கத்துக்கு மாறாக நீளமாகப் பேசினார். “என் கடைக்கு வாரத்துக்கு ரெண்டு பேராவது வருவான். இடுப்பு முப்பத்திரண்டு வச்சுத் தைங்கன்னுவான். நாடாவைப் போட்டா முப்பத்தெட்டு. இல்லல்ல, எனக்கு எப்பவும் முப்பத்திரண்டுதான்னு சண்டை போடுவான். நம்மாளுங்க இருபது வருஷமா அதைத்தான் செஞ்சாங்க. இன்னிக்குத்தான் நாடாவை ஒழுங்காப் போட்டு, இருக்கிற உடம்புக்குத் தச்சிருக்காங்க. அந்த மூணாம் பக்கத்துப் பாட்டு, வீட்டுக்குத் திரும்பி வர்றவன் ஒவ்வொரு அறையா விளக்குப் போடுறானே, அதைக் கேட்டு உங்களுக்கு ஒண்ணும் ஆகலையா?”

“கொட்டாவி ஆச்சு” என்றார் மச்சினன்.

“தொண்டையில சளி இருக்கிறதெல்லாம் நிஜம்னா, எங்க வார்டே கச்சேரிதான்” என்றார் சிஸ்டர்.

கத்தரி செயலாளரைப் பார்த்தார். பெஞ்சுக்காரன் கைகொடுப்பான் என்று பார்த்த பார்வை. செயலாளரோ சிரிப்பலையில் இருந்தார். வாய் முந்திக்கொண்டது. “விடுங்கப்பா. ஆபரேஷனுக்கு அப்புறம் இவனுக்கு எது மெதுவா போனாலும் பிடிச்சுப்போகுது.”

அறை வெடித்துச் சிரித்தது. கத்தரியும் பாதி சிரித்தார். அந்தப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்தார்.

“சரிடா. அடுத்த ரெக்கார்டுக்கு மூணு நாற்காலி போட்டாப் போதும்.”

கோபத்தில் சொல்கிறார், டீ வந்தால் உட்கார்ந்துவிடுவார் என்றுதான் மூவரும் நினைத்தார்கள். டீ வந்தது. நான்காவது கோப்பை ஆடைகட்டி ஆறிப்போயிற்று.

செயலாளர் அன்று மாலையே கடிதத்தை எழுதினார். சராசரி ஐம்பத்திரண்டரை. கத்தரியின் மதிப்பெண்ணைக் கழித்துவிடலாம் என்று மச்சினன் ஆலோசனை சொன்னதை அவர் ஏற்கவில்லை. ஆனால் கடிதத்தின் போக்கு மூன்று பேருடையதாக இருந்தது. ‘தங்கள் மீதுள்ள அன்பினால் எழுதுகிறோம். குரல், மூச்சு, வேகம் மூன்றும் தளர்ந்திருப்பதைக் காண்கிறோம். இனி ஓய்வெடுத்துக்கொள்வதே தங்களுக்கு மரியாதை.’ திங்கள் காலை ஏழு ஐம்பதுக்குத் தபாலில் சேர்த்தார்.

அன்று மாலை வேலை முடிந்து வந்து, பெரிய பதிவேட்டில் ரெக்கார்டின் விவரங்களை ஏற்ற உட்கார்ந்தார். அதில் இரண்டு பத்திகள் உண்டு: அட்டையில் போட்டிருக்கும் நேரம், நம் வீட்டில் ஓடிய நேரம். முந்தைய ஆறு ரெக்கார்டுகளிலும் இரண்டுக்கும் சில விநாடிக்குமேல் வித்தியாசம் வந்ததில்லை. அட்டையைப் பார்த்துக் கூட்டினார்: நாற்பது நிமிடம். ஞாயிற்றுக்கிழமை நோட்டைப் பார்த்துக் கூட்டினார்: ஐம்பத்துநான்கு.

மறுபடி கூட்டினார். ஐம்பத்துநான்குதான்.

இருபது விநாடியில் ஏறவேண்டிய லிஃப்டு இருபத்தேழு விநாடி எடுத்தால், அவர் அதற்குச் சீல் வைத்து, சாவியைப் பிடுங்கி, கட்டடக்காரரை மூன்று கேள்வி கேட்டிருப்பார். ஐம்பத்துநான்கை நாற்பதால் வகுத்தார். ஒன்று புள்ளி மூன்று ஐந்து. நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று சுற்றவேண்டிய தட்டை முப்பத்துமூன்றே மூன்றில் ஒரு பங்கு சுற்றில் ஓட்டினால் எத்தனை மடங்கு நேரம் ஆகும் என்று வகுத்தார். ஒன்று புள்ளி மூன்று ஐந்து.

பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தட்டை எடுத்து விளக்கடியில் பிடித்தார். நடுவட்டத்தில், வெள்ளிநிறத் தாளில் வெள்ளிநிற எழுத்தால், கடுகளவில் போட்டிருந்தது: 45. ஒலி துல்லியமாக இருக்கவேண்டும் என்று வேகமாகச் சுற்றுகிற தட்டாகச் செய்து, அதனால்தான் இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். முந்தைய ஆறும் முப்பத்துமூன்றில் ஓடியவை. வேகத்தை மாற்றுகிற பொத்தானை அவர் தொட்டதே கிடையாது.

“என்ன செயலாளரே, முகம் ஏன் இப்படி வெளிறிக் கிடக்கு?” என்றார் மனைவி.

அவர் சொன்னார். மனைவி சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். இங்க நாலு பேரும் கூடத்தைக் கோணலாக் கட்டிட்டு, ஆடினவளுக்கு முட்டி தேஞ்சுடுச்சுன்னு கடுதாசியே போட்டிருக்கீங்க! என் தம்பி பல்செட்டையே கண்டுபிடிச்சானே!”

“சிரிக்காதே. உலகத்திலேயே பெரிய பாவம் பண்ணிட்டேன். நல்ல ரெக்கார்டை நாசம் பண்ணிட்டேன்.”

“நல்ல ரெக்கார்டான்னு போட்டுப் பாருங்க முதல்ல.”

பொத்தானைத் திருப்பி நாற்பத்தைந்தில் வைத்து முள்ளை இறக்கினார். டிரம் மிஷின் துள்ளிக்கொண்டு வந்தது. கீபோர்டு பளபளத்தது. நெட்டையன் இருபத்திரண்டு வயதுப் பையன்போல மூக்கால் கொஞ்சினார். செயலாளரின் முகம் மலர்ந்தது. இரண்டு நிமிடத்தில் வாடியது. மூன்றாவது பாட்டில் மனைவி உள்ளேயிருந்து எட்டிப்பார்த்தார்.

“இது உங்க ரெண்டாவது ரெக்கார்டுல கடைசிப் பாட்டுதானே?”

“இல்லை. புதுசு.”

“அரைச்ச மாவுதான். மிக்ஸி மட்டும் புதுசு.”

விளக்குப் போடுகிற பாட்டு வந்தது. நேற்று ஒவ்வொரு அறையாக நின்று நின்று போன மனிதன், இன்று சுவிட்சுகளைத் தட்டிக்கொண்டே ஓடினான். விளக்குகள் எரிந்தன, வீடு தெரியவில்லை. செயலாளர் பொத்தானை மறுபடி பழைய இடத்துக்குத் திருப்பி, அதே பாட்டைப் போட்டார். இம்முறை வயது, மூச்சு, பல் எதையும் தேடாமல் கேட்டார். பாட்டு முடிந்தபின் முள் வெறுமனே உரசிக்கொண்டிருந்தது. எழுந்துபோய் எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“கத்தரி சொன்னது சரி” என்றார். “ஆனா இதை அவன்கிட்ட எப்படிச் சொல்றது? சொன்னா, மிஷின் தப்பா ஓடினதுக்குத் தொண்ணூத்தாறு போட்டவன்னு ஆயுசுக்கும் ஓட்டுவாங்க. சொல்லலைன்னா அந்த நாற்காலி காலியாவே கிடக்கும். ரெண்டு பக்கமும் எழுதிப் பார்த்துட்டேன். சமமா நிக்குது.”

“கணக்கே தப்பு” என்றார் மனைவி. “அவர் எழுந்து போனது ரெக்கார்டாலயா, நீங்க சொன்ன வார்த்தையாலயா?”

செயலாளர் பதிவேட்டை மூடினார். சில கேள்விகளுக்குக் காட்டவேண்டிய வழிமுறை கிடையாது. விடையை மட்டும் எழுதவேண்டும்.

மறுநாள் மதியம், ஒன்பது மாடி லிஃப்டு ஒன்றைச் சோதித்துவிட்டு நேராகத் தையற்கடைக்குப் போனார். கத்தரி வெட்டுமேசையில் சாம்பல்நிறத் துணியை விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அளவு எடுக்கணுமா?”

“இல்லைடா. நான் சொன்ன வார்த்தை தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

“எந்த வார்த்தை?”

“தெரியாத மாதிரி கேட்காதே.”

“தெரியும். உன் வாயால கேட்கணும்.”

செயலாளர் அந்த வாக்கியத்தை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வேடிக்கையாக இருந்தது இன்று அப்படி இல்லை. “அது தப்பு. மன்னிச்சுக்கோ.” பிறகு, மூச்சை நிறுத்தாமல், நாற்பத்தைந்து, முப்பத்துமூன்று, நோட்டு, வகுத்தல் எல்லாவற்றையும் கொட்டினார்.

சாக்கட்டி கோட்டின் நடுவில் நின்றது.

“அப்போ நெட்டையன் அப்படிப் பாடவே இல்லையா?”

“இல்லை.”

“அந்த விளக்குப் பாட்டு?”

“நிஜத்துல ஓட்டமா ஓடுது.”

கத்தரி ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததுலேர்ந்து எல்லாரும் எங்கிட்ட ஒண்ணேதான்டா சொல்றாங்க. பழையபடி ஆயிடுவேன்னு. பழையபடி ஆக மாட்டேன்னு எனக்குத் தெரியும். அதைத் தைரியமா, அழகா ஒருத்தன் பாடினான்னு நினைச்சேன். கடைசியில உன் மிஷின்தானா பாடினது?”

“மிஷின் இல்லை. பாடினது அவர்தான். அவருக்கே தெரியாம பாடிட்டார். நேத்து ரெண்டு வேகத்துலயும் கேட்டேன். வேகமா ஓடினதுக்கு முப்பத்தொண்ணு. நீ கேட்டதுக்குத் தொண்ணூறு.”

“பரிதாபப்பட்டுப் போடுறியா?”

“நான் என்னைக்குடா பரிதாபப்பட்டு மார்க் போட்டேன்? என் கல்யாணத்துக்கு நீ தச்ச கோட்டுக்கே அறுபதுதான் போட்டேன்.”

“அறுபத்திரண்டு” என்றார் கத்தரி. உதட்டோரம் அசைந்தது. “சரி, வர்றேன். ஆனா இதை எங்கிட்ட மட்டும் சொல்லிட்டுத் தப்பிச்சுக்க முடியாது. நாலு பேரும் இருக்கிறப்ப சொல்லணும். மிஷின் தப்பையும், வாய்த் தப்பையும், ரெண்டையும்.”

“வரிசையா சொல்றேன்.”

“வரிசை முக்கியம். வாயை முதல்ல சொல்லு.”

சனிக்கிழமை மதியம் இரண்டரை மணிக்குச் சிறப்புக் கூட்டம். நான்கு நாற்காலி. செயலாளர் எழுந்து நின்று, எழுதிவைத்திருந்த தாளைப் படித்தார். முதலில் வாய். இரண்டாவது மிஷின். முதலாவதைக் கேட்டு மச்சினனும் சிஸ்டரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிரித்தவர்களில் அவர்களும் உண்டு. இரண்டாவதைக் கேட்டு மச்சினன் நாற்காலியிலிருந்து துள்ளினார்.

“அத்தான்! ஊர்ல இருக்கிற லிஃப்டுக்கெல்லாம் வேகம் பார்க்கிற ஆளு நீங்க!”

“யானைக்கும் அடி சறுக்கும்.”

“யானை தானா சறுக்கிச்சுன்னா பரவாயில்லை. எங்க மூணு பேரையும் முதுகுல ஏத்திக்கிட்டில்ல சறுக்கியிருக்கு! அப்போ கத்தரி அண்ணன் தொண்ணூத்தாறு குடுத்தது ரிப்பேர் மிஷினுக்கா?”

கத்தரி வாயைத் திறப்பதற்குள் செயலாளர் கையை உயர்த்தினார். “கேட்டுட்டுப் பேசு மாப்ளே. முதல்ல நாலாம் விதியைத் தளர்த்தணும். மதிப்பெண்ணை மாத்தலாம்னு சொல்றவங்க கையைத் தூக்குங்க.”

நான்கு கைகள் எழுந்தன. உள்ளேயிருந்து ஐந்தாவதாக ஒரு சிவப்புப் பேனாவும் எழுந்தது. “உனக்கு ஓட்டு இல்லை” என்றார் செயலாளர். “தப்பைக் கண்டுபிடிச்ச வீட்டுல எனக்கும் பங்கு உண்டு” என்று பதில் வந்தது.

முதலில் சரியான வேகத்தில் ஓட்டினார். இரண்டு வரி போவதற்குள் இரண்டாம் விதி காற்றில் போயிற்று.

“மாப்ளே, மேல்தாடை செட்டு எங்கே போச்சு?” என்று கேட்டார் கத்தரி.

மச்சினன் காதைப் பொத்திக்கொண்டார். “சொந்தப் பல்லு அண்ணே. ஒண்ணு குறையலை. விடுங்களேன்.”

“சிஸ்டர், ஏழாம் நம்பர் கட்டில்?”

“டிஸ்சார்ஜ்” என்றார் சிஸ்டர். “இந்த மனுஷனுக்கு என்னைவிட நல்ல நுரையீரல்.”

ஆனால் பாட்டுகள் போகப்போகக் கேலி ஓய்ந்தது. யாராலும் நாற்காலியில் சரியாக உட்கார முடியவில்லை. பழைய நண்பர் ஒருவர் தலைக்கு மையடித்து, வயிற்றை எக்கிக்கொண்டு, கல்லூரி நாளின் ஜோக்கை மறுபடி சொல்கிறார். அதைக் கேட்டுச் சிரிக்கவேண்டியிருக்கிறது. அப்படி ஒரு சங்கடம். சீட்டுகள் வந்தன: முப்பது, முப்பத்துமூன்று, முப்பத்தொன்று, கத்தரியிடமிருந்து இருபத்தெட்டு.

“இப்போ மத்தது” என்று பொத்தானைத் திருப்பினார் செயலாளர்.

இம்முறை ஒருவரும் பேசவில்லை. விளக்குப் பாட்டில் சிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவி வாசற்படியில் வந்து நின்றவர் உள்ளே போகவில்லை. முடிந்ததும் சிஸ்டர் எண்பத்திரண்டு எழுதினார். மச்சினன் எண்பது: ‘பல்செட்டோடு பாடினால்தான் நன்றாக இருக்கிறது.’ செயலாளர் தொண்ணூறு. கத்தரியின் சீட்டில் தொண்ணூற்றைந்து இருந்தது.

“அண்ணே, ஒரு மார்க் குறையுதே?”

“பாடினவருக்கே விஷயம் தெரியலையே. அதுக்கு ஒண்ணு கழிச்சேன்.”

அடுத்து, இரண்டாவது கடிதம். அங்கேதான் நிஜமான சண்டை வந்தது. முதல் கடிதத்துக்கு மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றார் சிஸ்டர். எதற்கு மன்னிப்பு, சரியான வேகத்தில் இன்னும் குறைந்த மார்க்தானே வாங்கினார்கள் என்றார் மச்சினன். செயலாளர் எழுதிய முதல் வரியைக் கத்தரி வெட்டினார். இரண்டாவது வரியையும் வெட்டினார். “சுத்தி வளைக்காதே. நான் சொல்றேன், எழுது.”

முப்பத்தொரு வருடத்தில் முதல்முறையாகச் செயலாளர் பிறர் சொல்ல எழுதினார்.

‘தங்கள் ரெக்கார்டை நாங்கள் தவறான வேகத்தில் கேட்டுவிட்டு முந்தைய கடிதத்தை எழுதினோம். பிறகு சரியான வேகத்தில் கேட்டோம். தங்களுக்கு வயதாகிவிட்டது என்று குறை சொன்னதைத் திரும்பப் பெறுகிறோம். தங்களுக்கு வயதாகவில்லை என்பதுதான் எங்கள் குறை. தயவுசெய்து ஒருமுறை இதை மெதுவாக ஓட்டிக் கேட்கவும். எவ்வளவு நன்றாகப் பாடியிருக்கிறீர்கள் என்று அப்போது தெரியும். ஓய்வெடுக்க வேண்டாம். அடுத்ததை அந்த வேகத்தில் பாடவும். காத்திருக்கிறோம்.’

“‘காத்திருக்கிறோம்’னு போடணுமா? போன தடவை பதினொரு வருஷம் ஆச்சு” என்றார் மச்சினன்.

“போடு” என்றார் கத்தரி. “பதினொரு வருஷம் நானும் இருக்கிறதா உத்தேசம்.”

முதல் கையெழுத்தை அவரைப் போடச் சொல்லித் தாளைத் தள்ளினார் செயலாளர். கத்தரி போட்டார். மற்ற மூவரும் கீழே போட்டார்கள். மனைவி இன்னும் கீழே, கேட்காமலே போட்டார்.

தபால் எடுக்கிற நேரம் ஐந்தரை. மணி ஐந்து இருபது. செயலாளரைத் தனியாக அனுப்ப யாருக்கும் நம்பிக்கை இல்லாததால் எல்லோருமே கிளம்பினார்கள். தெருவில் இறங்கியதும் செயலாளர், நண்பனின் நெஞ்சை மனதில் வைத்து, அடியளந்து மெதுவாக நடந்தார். கத்தரி பத்தடி முன்னால் போய்த் திரும்பிப் பார்த்தார்.

“என்னடா, ஊர்கோலமா போறே?”

“உனக்காகத்தான்டா.”

“டாக்டர் எனக்கு தினம் ஒரு மணி நேரம் வேகமா நடக்கச் சொல்லியிருக்கார். ஆறு மாசமா நடக்கிறேன். மெதுவா போகவேண்டியது ரெக்கார்டுதான், நான் இல்லை. கடுதாசியைக் குடு இப்படி.”

வாங்கிக்கொண்டு விடுவிடுவென்று நடந்தார். சிஸ்டர் அவருக்கு ஈடாகப் போனார். வார்டில் நடந்து பழகிய கால். மச்சினன் பாதித் தூரம் ஓடினார். லிஃப்டிலேயே ஏறி இறங்கிப் பழகிய செயலாளருக்கு முனை திரும்புவதற்குள் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

“டேய், இருடா!” என்று கத்தினார்.

தபால்பெட்டி அருகே கடிதத்தைப் பாதி நுழைத்துப் பிடித்தபடி நின்றிருந்தார் கத்தரி. “சிஸ்டர், பின்னாடி வர்றாரே ஒருத்தர், அந்த இழுப்பு எந்தக் கட்டில்?”

“எட்டு” என்றார் சிஸ்டர். “நேத்துத்தான் காலியாச்சு.”

செயலாளர் வந்து சேர்ந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். அவர் கையும் உறையின் மேல் படுகிறவரை காத்திருந்துவிட்டு, கத்தரி அதை உள்ளே தள்ளினார்.